இடுக்கி நுனியில் ஒரு மஞ்சள் பொட்டு

1

இந்த வருட ஆயுத பூஜையன்று காலை, பேப்பர் போட்டுவிட்டு நான் வீடு திரும்பியபோது, என் மனைவி பாண்டிச்செல்வி ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். ஒவ்வொரு பொட்டின் மேலும் நீல ஒளி டார்ச்சை அடித்துப் பார்த்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெரூன் பரவாயில்லங்க. சிவப்பு லேசா மினுங்குது. இந்தக் கல்லு வச்சது சுத்தமா ஆகாது."

"யாருக்கு?"

"மைக்ராஸ்கோப்புக்கு."

அவள் இந்த ஜெர்மானிய நகரத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். நான் மதுரையில் ஒரு தினசரியில் மாவட்டப் பக்கத்துக்கு உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே நான் திருத்திய பேப்பரை யாரோ வீடு வீடாகப் போட்டார். இங்கே யாரோ திருத்திய பேப்பரை நான் வீடு வீடாகப் போடுகிறேன். தலைப்புகளில் பாதி புரிகிறது. மீதியைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நானும் முன்பு படத்தை நம்பித்தான் பக்கம் போட்டேன் என்பதால் வாசகர்மேல் எனக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது.

பொட்டுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது போன வருடத்துக் கதை.

2

பாண்டிச்செல்வி ஈ வளர்க்கிறாள். வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தப் பொடி ஈ. கண்ணாடிக் குப்பிகளில் மக்காச்சோள மாவுக் கூழ் ஊற்றி, பஞ்சு அடைத்து, அட்டவணை போட்டு வளர்க்கிறாள். மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் அவள் அம்மா பழக்கூடைக்கு மேல் துண்டை வீசி வீசி விரட்டுகிற அதே ஜாதி.

இந்த ஈக்களுக்கு ஒரு மனித மரபணுவைக் கொடுத்திருக்கிறார்கள். கை நடுக்க நோய் வந்தவர்களின் மூளையில் ஒரு புரதம் சரியாக மடியாமல் கட்டி தட்டும். ஈயின் மூளையிலும் அதே கட்டி உருவாகிறது. அந்தப் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தையும் ஒட்டவைத்திருப்பதால், நீல ஒளியில் பார்த்தால் கட்டி இருக்கிற இடம் பச்சையாகத் தெரியும். அவளுடைய கேள்வி ஒன்றுதான். ஒரு செல்லில் தட்டிய கட்டி பக்கத்து செல்லுக்குத் தாவுமா? தாவினால், நோய் மூளைக்குள் எப்படிப் பரவுகிறது என்பதில் ஒரு முடிச்சு அவிழும்.

எனக்கு இது வதந்தி மாதிரி என்று புரிந்தது. மாட்டுத்தாவணியில் கிளம்பியது பெரியார் பேருந்து நிலையத்துக்கு எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை.

என் மாமனார் சோலைமலை இதில் ஈயை மட்டும் விட்டுவிட்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறார். பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருக்கு லேத் பட்டறை. அவருடைய அப்பா வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் பதினாறு வயதில் லேத்துக்கு வந்து, பிறகு சொந்தமாக இரண்டு லேத் போட்டார். மகள் ஜெர்மனியில் "டாக்டருக்குப் படிக்கிறா" என்பது அவர் அளவில் முழுமையான செய்தி. விளைவாக, பரவையின் மூட்டு எக்ஸ்ரேக்களும் சர்க்கரை ரிப்போர்ட்டுகளும் வாட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுக்கு வருகின்றன.

"அப்பா, நான் அந்த டாக்டர் இல்லப்பா."

"தெரியும்த்தா. சும்மா ஒரு பார்வை பாத்து, நல்லாருக்குன்னு போடு. அம்புட்டுதான் கேக்குறாங்க."

ஆய்வகத்தில் அவள் பெயரை முழுதாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒருமுறை வீடியோவில் பேராசிரியர் ஹெல்கா பின்னாலிருந்து "பாண்டி!" என்று கூப்பிட்டதைக் கேட்டு மாமனார் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. "பொம்பளப் பிள்ளையப் பாண்டிங்குறாங்க மாப்ள! பட்டறையில இருந்த வெல்டர் பயல கூப்பிடுற மாதிரியே இருக்கு."

3

போன வருடம் நிலைமை இப்படி இருந்தது. இரண்டரை வருடமாக ஈக்களின் பச்சைக் கட்டி இருந்த செல்லை விட்டு நகரவில்லை. நவம்பர் கடைசியில் மூன்று பேர் கொண்ட குழு அவள் வேலையை மதிப்பிடும். குழு திருப்தியானால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் டிசம்பரோடு முடியும். ஒப்பந்தம் முடிந்தால் விசா முடியும். அவள் விசாவில் நான் தொங்குகிறேன், என் கையில் ஆறு வயது மகள் இனியா தொங்குகிறாள்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதை ஒரு அம்மையார் மிகத் தெளிவாக விளக்கினார். எங்களுக்குப் புரியவில்லையோ என்று மெதுவாக இன்னொரு முறையும் சொன்னார். அவர் மேசையில் ஒரு கள்ளிச்செடி. "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார். "ஈ," என்றாள் இவள். அம்மையார் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வேலை உண்டா என்று கேட்டார். பத்திரிகைத் துறை என்றேன். பொய் இல்லை.

அந்த நெருக்கடியில் ஆயுத பூஜை வந்தது. மாமனார் பட்டறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். லேத்துகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் அப்பியிருந்தார்கள். வாசலில் வாழைக்கன்று. பொரிகடலை வாங்க வந்த கூட்டம் அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்தது.

எனக்கும் பழக்கமான நாள்தான் அது. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அச்சு எந்திரத்துக்கு மட்டும் வைத்த பொட்டு, கம்ப்யூட்டர் வந்ததும் கம்ப்யூட்டருக்கும் நீண்டது. ஒரு முறை தலைமை உதவி ஆசிரியர் பக்தி மிகுதியில் மவுசைத் திருப்பி அதன் உருண்டைக்கே குங்குமம் வைத்துவிட்டார். விடுமுறை முடிந்து வந்தால் திரையில் அம்பு நகரவில்லை. மூன்று பேர் கூடி, வைரஸ் என்று முடிவு செய்தார்கள்.

"என்னத்தா, உன் ஆயுதத்தையெல்லாம் எடுத்து வச்சியா?" என்றார் மாமனார்.

அவளுக்குச் சொந்தமான ஆயுதம் ஒன்றுதான். ஈயின் தலையைத் திறந்து மூளையை எடுக்கும் இடுக்கி. ஊசி மாதிரி நுனி. யாரும் தொடக்கூடாது என்று பேனா டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். அதைத் தட்டில் வைத்திருந்தாள். கைப்பிடியில் சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

மாமனார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏத்தா, கைப்பிடியில வச்சா என்னத்துக்கு ஆகும்? வேலை பாக்குறது எது? நுனிதான? நுனியில வை."

"நுனி ரொம்ப நைசுப்பா."

"அதான் சொல்றேன். நைசான இடத்துக்குத்தான் காவல் வேணும். நான் லேத்துல எங்க வைக்கிறேன்? பல்லு கடிக்கிற எடத்துல வைக்கிறேன்ல?"

"தாத்தா, மிஷினுக்கு எதுக்கு மேக்கப்?" என்றாள் இனியா. எந்தக் கேள்விக்கும் ஜெர்மனில் பதில் சொல்கிறவள், தாத்தாவை மடக்குவதற்கு மட்டும் தமிழைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"ஒனக்கு பர்த்டேக்கு மேக்கப் போடுறாங்கல்ல? இன்னைக்கு மிஷினுக்கு பர்த்டே."

அந்தப் பதில் எடுபட்டது. இனியா கைதட்ட, பாண்டிச்செல்வி தன் அப்பா அனுப்பியிருந்த பரவை மஞ்சளைக் குழைத்து இடுக்கியின் இரண்டு நுனியிலும் தடவினாள்.

மறுநாள் டிஷ்யூ காகிதத்தால் துடைத்து, ஸ்பிரிட்டில் முக்கி, ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள்.

4

அந்த வாரமே ஈயின் மூளை பச்சையாகிவிட்டது.

ஒரு செல், பக்கத்து செல் என்ற கணக்கெல்லாம் இல்லை. தெரு முழுக்க சீரியல் விளக்குப் போட்டதுபோல் எங்கே பார்த்தாலும் பச்சை. சித்திரைத் திருவிழாவுக்குத் தல்லாகுளம் ஒளிர்கிற மாதிரி என்று படத்தைக் காட்டினாள். பேராசிரியர் ஹெல்கா, மகிழ்ச்சியை வருடத்துக்கு ஒருமுறை அளந்து செலவிடுகிறவர், இந்தப் படத்துக்கு முழு ஒதுக்கீட்டையும் செலவழித்தார். "குழுவுக்கு முதல் படமே இதுதான்," என்றார். ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள்.

மாமனாருக்கும் சொன்னாள்.

"நுனியில வச்சேல்ல?"

"வச்சேன்ப்பா."

"பெறகென்ன."

நான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இதை வேற எங்கயாச்சும் உறுதிப்படுத்திட்டியா?" என்றேன். செய்தி அறையில் ஒட்டிக்கொண்ட வியாதி. மிக நல்ல செய்தி ஒரே இடத்திலிருந்து வந்தால் இன்னொரு இடத்தில் கேட்டுவிடுவேன்.

"நான் என்ன உங்க ஏரியா நிருபரா?" என்று எரிந்து விழுந்தாள். ஆனால் அவள் ஆராய்ச்சியிலும் அந்தச் சடங்கு உண்டு. ஒளிரும் மரபணுவே கொடுக்காத சாதாரண ஈயையும் அதே இடுக்கியால் அறுத்து அதே விளக்கில் பார்க்க வேண்டும். அது கருப்பாக இருந்தால்தான் மற்றதன் பச்சைக்கு மதிப்பு. கட்டுப்பாட்டுச் சோதனை என்பார்கள்.

குழு கூடுவதற்கு முந்தைய வாரம் பார்த்தாள். சாதாரண ஈயும் தல்லாகுளமாக ஒளிர்ந்தது.

குப்பி மாறிவிட்டதோ என்று வேறு குப்பி எடுத்தாள். ஒளிர்ந்தது. மூளை வேண்டாமென்று காலைப் பார்த்தாள். கால் ஒளிர்ந்தது. ஈயே இல்லாமல் வெறும் தண்ணீரில் இடுக்கியை முக்கி, அந்தச் சொட்டைப் பார்த்தாள். அதுவும் லேசாக.

5

அன்று சாயங்காலம் ஆய்வக டார்ச்சையும் ஆரஞ்சுக் கண்ணாடிகளையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நவம்பரில் இங்கே பள்ளிக்கூடம் விடும்போதே இருட்டிவிடும். நானும் இனியாவும் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"லைட்டை அணைங்க," என்றாள்.

அணைத்தேன். ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தாள். டார்ச்சை மஞ்சள்தூள் டப்பாவின் மேல் அடித்தாள். டப்பா பச்சையாகக் கொழுந்துவிட்டது.

பிறகு அவள் நிறுத்தவில்லை. கரண்டியில் அடித்தாள், பச்சை. காய் வெட்டும் பலகை, பச்சை. அடுப்புக்குப் பின்னால் சுவரில் தாளித்த தாளிப்பெல்லாம் நட்சத்திரக் கூட்டமாகப் பச்சை. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் என் ஐந்து விரலும் பச்சையாகப் பதிந்திருந்தன. குற்றச் செய்திகள் எழுதிய காலத்தில் இப்படி ஒரு ஆதாரம் எனக்குக் கிடைத்ததே இல்லை. என் சட்டைப் பையைச் சுற்றி ஒரு பச்சை வட்டம். அது எப்படி அங்கே வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கு! எனக்கு!" என்று இனியா வாயைத் திறந்தாள். நாக்கு, மூக்கு நுனி, ஒரு புருவம், எல்லாம் பச்சை. சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தாள். தரையில் அவள் உட்கார்ந்த இடமும் ஒளிர்ந்தது.

பாண்டிச்செல்வி கடைசியாகப் பேனா டப்பாவைத் திறந்தாள். நுனியிலிருந்து வழிந்து, இடுக்கியின் இரண்டு கைகளும் சேருகிற இடுக்கில், துடைக்க முடியாத ஆழத்தில், மெல்லிய ஒரு பச்சைக் கோடு. ஸ்பிரிட்டில் முக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நுனிக்கு வந்திருக்கிறது.

டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"மூளையில பரவுனது நோய் இல்லங்க," என்றாள். "எங்கப்பா."

பேனா டப்பாவை மூடிவிட்டு, "ஹெல்கா முதல் ஸ்லைடு போட்டு வச்சிருக்காங்க. சொன்னா டிசம்பரோட ஊருக்குப் போக வேண்டியதுதான்," என்றாள். "சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு வேற எவனாச்சும் செஞ்சு பாத்துட்டு, வரலையேம்பான். அதுவரைக்கும் விசா இருக்கும்."

என்னைக் கேட்டிருந்தால் விசாவின் பக்கம்தான் பேசியிருப்பேன். அவள் கேட்கவில்லை. எழுந்து லைட்டைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, முதல் ஸ்லைடை மாற்றினாள். எங்கள் பத்திரிகையில் திருத்தம் போட வேண்டியிருந்தால் ஆறாம் பக்கத்தில், மரண அறிவிப்புகளுக்குக் கீழே, எறும்பெழுத்தில் போடுவோம். அவள் முதல் ஸ்லைடில், உள்ளதிலேயே பெரிய எழுத்தில் போட்டாள்.

மறுநாள் இனியாவின் பள்ளியிலிருந்து போன் வந்தது. அம்மா வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுத் தங்களைப் பரிசோதித்ததாகவும், அப்பாதான் அதிகமாகப் பச்சையாக இருந்ததாகவும் குழந்தை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். வீட்டில் எல்லாம் நலம்தானே என்று ஆசிரியை கேட்டார். நலம் என்றேன். ஜெர்மனில் அதற்குமேல் விளக்கும் அளவுக்கு எனக்கு இலக்கணம் போதாது.

6

குழுக் கூட்டத்தில் நான் இல்லை. பாண்டிச்செல்வியிடமும் ஹெல்காவிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

ஹெல்காவிடம் அவள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். அவர் ஜன்னலருகே போய் நின்றார். பிறகு, "கேக் வாங்கிய பணம் என்னுடையது," என்றார். திரும்பி வந்து, திருத்த ஸ்லைடில் ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்தார்.

குழுவில் இரண்டு பேர் அமைதியாகக் கேட்டார்கள். மூன்றாமவர் வயதானவர், கோட்டும் டையுமாக வந்திருந்தார். அவர் கோபப்பட்டார். உணவுப் பொருள் ஆய்வுக் கருவியில் எப்படி ஒட்டும், இது என்ன ஒழுங்கு, எங்கள் காலத்தில் இப்படி நடந்ததில்லை, என்றார். இது அந்த ஊர்ப் பழக்கத்தால் வந்த பிரச்சினை, இங்கே யாருக்கும் வராது, என்றும் சொன்னார்.

பாண்டிச்செல்வி மஞ்சள் எப்படி ஒளிர்கிறது என்று காட்டுவதற்காக டார்ச்சையும் மஞ்சள்தூள் டப்பாவையும் கொண்டுபோயிருந்தாள். அறை விளக்கு அணைந்தது. கண்ணாடிகளை மாட்டிக்கொண்டார்கள். டப்பாவின் பக்கம் திருப்பும் வழியில் ஒளி அந்தப் பெரியவர் மேல் பட்டது. அவருடைய டையின் நடுவில், ஒரு நாணய அளவுக்கு, பச்சை. கீழே இன்னொன்று. மீசையில் ஒரு பொடிப் பொட்டு.

அன்று கேன்டீனில் மதியச் சாப்பாடு, கறிப்பொடி தூவிய சாசேஜ். அந்த நாட்டின் செல்லப் பண்டம். கறிப்பொடியில் பாதி மஞ்சள்தான்.

பெரியவர் குனிந்து டையைப் பார்த்தார். டார்ச்சைக் கேட்டு வாங்கினார். தன் கையில் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கையில் அடித்தார். ஹெல்காவின் சட்டைக் கையில் அடித்தார். கூட்டம் கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து, "இந்தக் கட்டிடத்தில் எத்தனை பேருடைய முடிவுகள் சாசேஜ் என்று தெரியவில்லை," என்றார்.

ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திட்டார்கள். இரண்டு வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் புது இடுக்கியால் திரும்பச் செய்ய வேண்டும். கள்ளிச்செடி அம்மையார் விசாவில் முத்திரை குத்தும்போது, "ஈக்கள் நலமா?" என்று கேட்டார்.

7

மாமனாருக்குச் சொல்லக் கூடாது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். இனியாவிடம் பேசி வைக்கவில்லை.

"தாத்தா, உங்க மஞ்சள் அம்மா வேலையைக் கெடுத்திருச்சு. எல்லாம் பச்சையா லைட் அடிச்சுது."

பாண்டிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"லைட்டு அடிச்சுச்சா?" என்றார் மாமனார், மெதுவாக.

"ஆமாப்பா... அது பரவாயில்லப்பா, சரி பண்ணியாச்சு."

"எம்புட்டு அடிச்சுச்சு?"

"ரொம்ப."

"பாத்தியா!" குரல் எழும்பியது. "கடைத்தூளா இருந்தா அடிக்குமா? நம்ம சீனியண்ணே மில்லுல கண்ணு முன்னால நின்னு அரச்சது! மாப்ள, நீங்க பேப்பர்ல இருந்தவரு, நீங்க சொல்லுங்க. ஜெர்மனிக்காரன் மிஷின்லயே காட்டிருச்சுல்ல, கலப்படம் இல்லேன்னு?"

நான் மறுக்கவில்லை. ஒளிர்ந்தது என்ற அளவில் தகவல் சரி.

இரண்டு வாரத்தில் ஒரு போட்டோ வந்தது. பரவையில் சீனியண்ணனின் மாவு மில். வாசலில் புது பிளக்ஸ். தாமரைப்பூவுக்கு நடுவில் எங்கிருந்தோ எடுத்த ஒரு மைக்ராஸ்கோப் படம். கீழே, "ஜெர்மனி லேபில் ஒளி வீசிய ஒரே மஞ்சள்." ஒரே என்பதற்கு ஆதாரம் இல்லை. மற்றபடி நான் திருத்த ஒன்றுமில்லை.

புது இடுக்கியில், ஈயின் கட்டி இதுவரை பக்கத்து செல்லுக்குத் தாவவில்லை. தாவவில்லை என்பதையே ஒழுங்காக நிரூபித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். ஹெல்காவுக்கு அதில் திருப்தி. அடுத்த குழுக் கூட்டம் வருகிற மாதம். மீதி ஒரு வருடத்தைக் கேட்கப் போகிறாள். இந்த முறை கேக் யாரும் வாங்கவில்லை.

ஆக, இந்த வருட ஆயுத பூஜை. சமையலறை மேசையில் மெரூன் பொட்டு மட்டும் தேறியது. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பின் பக்கவாட்டில் ஒன்று, இடுக்கியின் டப்பா மூடியில் ஒன்று ஒட்டினாள். ஹெல்கா வந்து, கைகட்டி நின்று பார்த்து, "ஒளிருமா?" என்று மட்டும் கேட்டார். ஒளிராது, சோதித்துவிட்டேன் என்றாள். ஹெல்கா அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போனார். மூலையில் குழாய்களைச் சுழற்றும் எந்திரம் ஒன்று ஒரு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. அதன் நெற்றியில் ஒட்டிவிட்டு, பொத்தானை அழுத்தினார். ஓடவில்லை. பொட்டை இடம் மாற்றி ஒட்டி, மறுபடி அழுத்தினார். ஓடவில்லை.

சாயங்காலம் வீடியோவில் இதைச் சொன்னாள். மாமனார் லேத்துக்கு மாலை போட்டுக்கொண்டே கேட்டார். திரும்பிப் பார்த்து முறைத்தார்; இந்த முறை கோபம் மகள்மேல் அல்ல, ஹெல்காமேல்.

"அந்தம்மாட்ட சொல்லுத்தா. பொட்டு வச்சா மிஷின் ஓடும்னு எவன் சொன்னது? அதுக்கு மெக்கானிக்கக் கூப்பிடணும். ஓடுற மிஷினுக்குத்தான் பொட்டு." மாலையைச் சரிசெய்துவிட்டு, மகளைப் பார்த்தார். "நீ வை. ஒனக்கு ஓடுதுல்ல?"